நாற்பதுக்குப் பதினான்கு

வடசேரியில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் பதினாலு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். சந்தைப் பக்கம் ஒரு காய்கறிக்காரரிடம் வாடகைக்கு வீடு உண்டா என்று கேட்டபோதே அந்தப் பெயர் வந்துவிட்டது. வீட்டு எண்ணாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கதவு கதவாகப் பார்த்து நடந்தேன். காரணம் வீட்டுக்கு உள்ளே, மற்றவர்கள் சாமி படமோ கல்யாணப் படமோ மாட்டும் இடத்தில் தொங்கியது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் கெட்டியான, பால் நிறத் தாள். கருப்பில் அகலமான வளைவு ஒன்று மேலிருந்து இறங்கி, பாதியில் நின்றுவிடும். அதன் மடியில் செங்கல் நிறத் திட்டு. பக்கத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் கோணல்மாணலான கட்டங்கள். மேல் மூலையில் கைதவறிப் பட்டதுபோல் கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள். ஆள், மரம், வீடு என்று சொல்ல எதுவும் கிடையாது. கீழே விட்டிருந்த வெள்ளை விளிம்பில், வலது பக்கம் பென்சிலால் ஒரு கையெழுத்து. யாராலும் படிக்க முடியாது. இடது பக்கம், அதே பென்சிலால், 14/40.

டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். ஒரு நாளிதழின் நாகர்கோவில் பதிப்பில் உதவி ஆசிரியர் என்றேன். அடுத்த கேள்வி: "நாப்பதுக்கு முப்பத்தஞ்சு சதவீதம் எவ்வளவு தம்பி?"

முன்பணம் சம்பந்தப்பட்ட கணக்கு என்று நினைத்து, கவனமாகப் போட்டுப் பார்த்து, "பதினாலு" என்றேன்.

"கரெக்ட். அப்ப இது பாஸ்." படத்தைக் காட்டினார். "எனக்க தங்கச்சி ஜெர்மனியிலேருந்து கொண்டுவந்தது. அவ வாடகைக்கு இருந்த வீட்டம்மா குடுத்தது. டிராயிங் பரீட்சைப் பேப்பர், பாத்தியளா? இந்தப் பக்கம் மார்க். அந்தப் பக்கம் திருத்தின வாத்தியாருக்க கையெழுத்து. ஒரு மார்க் குறைஞ்சிருந்தா பெயில்."

"சுமாரா வரைஞ்சிருக்கார்போல."

"படத்தை விடுங்க. அந்த வாத்தியாரை நெனைச்சுப் பாருங்க. இதுல என்னத்தைக் கண்டு மார்க் போட? இருந்தும் தேடியிருக்கான். இந்த வளைவுக்கு ரெண்டு, இந்தச் செவப்புக்கு ரெண்டுன்னு பொறுக்கிப் பொறுக்கிப் பதினாலு ஆக்கியிருக்கான். தங்கமான மனுசன்."

ஆக, அந்தச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது படம் இல்லை. அதைத் திருத்திய முகம் தெரியாத ஜெர்மன் வாத்தியார். வீடு எனக்குக் கிடைத்தது.

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார் டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குள்ளம். நடை வேகம். கொண்டையில் பூ இருக்கிறதோ இல்லையோ, ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். குளிக்கும்போது மட்டும் எடுப்பார் என்று அவர் கணவர் சொன்னார். பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். தினமும் காலையில் சவரம் செய்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"மீசைக்கு நல்ல மார்க் உண்டு. ஆனா காதுக்குப் பொறத்த சோப்பு நிக்கி. நாப்பத்தெட்டு."

"நேத்து அம்பத்திரண்டு தந்தியே."

"நேத்து சோப்பு இல்லல்லா?"

டீச்சர் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டார். மழைக்கு, கல்யாண வீட்டு அவியலுக்கு, பஸ் டிரைவர் பிரேக் பிடிக்கும் விதத்துக்கு, கோயில் ஒலிபெருக்கிக்கு, தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவரின் கும்பிடுக்கு. நான் பார்த்தவரை எதற்கும் முப்பத்தைந்துக்குக் கீழே போட்டதில்லை. கனிவு என்று இதை வேகமாகச் சொல்லிவிட முடியாது. அவர் தாராளமாக எதையும் அள்ளிக் கொடுக்கவில்லை. மார்க் எங்கேயோ இருக்கிறது, இருப்பதைக் கண்டுபிடிப்பது திருத்துகிறவரின் வேலை என்று நம்பினார். கிடைக்கும்வரை விடமாட்டார்.

கணக்குப் பாடத்தில் ஸ்டெப் மார்க் என்று ஒன்று உண்டு. விடை தப்பாக இருந்தாலும், போன வழியில் சரியாக வைத்த ஒவ்வோர் அடிக்கும் மார்க் கொடுக்க வேண்டும். டீச்சர் அதைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் கொண்டுவந்துவிட்டார். ஒரு முறை அவருக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் அடிப்பிடித்துவிட்டது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"விடை தப்பு. ஆனா சீனி கரெக்ட். டம்ளரைக் கழுவி ஊத்தியிருக்கிய. நுரை வேற ஆத்தியிருக்கிய. முப்பத்தெட்டு வெச்சுக்கிடுங்க."

சந்தையில் ஒரு சேனைக்கிழங்குக்காரர், வெண்ணெய்போல் வேகும் என்று சொல்லிக் கொடுத்தது மரக்கட்டையாக நின்றது. மறுநாள் டீச்சர் சண்டைக்குப் போகிறார் என்று எண்ணி, வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன்.

"சேனைக்கு அஞ்சு மார்க்குதான் தருவேன், கேட்டியளா?"

"பத்துக்கா டீச்சர்?"

"நூத்துக்கு."

கிழங்குக்காரர் முகம் விழுந்தது. டீச்சர் சுற்றிலும் பார்த்தார். "தராசை நேரா பிடிச்சிய. அதுக்கு ஒரு பதினஞ்சு. மண்ணைத் தட்டிட்டுத்தான் நிறுத்திய. அதுக்கு ஒரு பத்து." யோசித்தார். கிழங்குக்காரரும் யோசித்தார்.

"பை இல்லைன்னு சொன்னதுக்கு நான் எனக்க பையைத் தந்தேம்லா டீச்சர்?"

"ஆங், அதை மறந்தேன். முப்பத்தஞ்சு ஆச்சு." அன்றைக்கும் அவரிடமே வாங்கினார். நல்ல சேனை. மறுபடியும் ஏமாற்ற அந்த மனிதருக்கு மனம் வரவில்லைபோலும்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் படத்தின் முன்னால் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. மோட்டார் சரிபார்க்க வந்தவர் கரிந்துபோன காயில் என்றார். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் பேச்சிப்பாறை அணையை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் என்றார். யார் என்ன சொன்னாலும் டீச்சர் தலையாட்டுவார். அவருக்கு மட்டும் அதில் எதுவும் தெரியாது. "வழி போட்டிருக்கான், விடை எழுதல்ல" என்பார்.

அவர் மார்க் போடாத ஒன்றும் உண்டு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்த ஒரு நாள், மத்தியானம் சாப்பிடாமல் அந்த முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பிள்ளை வெறும் தாளைக் கொடுத்திருக்கிறது. முதல் பக்கத்தில் தேர்வு எண். அப்புறம் ஒரு கோடுகூட இல்லை.

"எல்லாப் பக்கமும் பெரட்டிட்டேன் தம்பி. பொறத்தட்டையும் பாத்தேன். ஒரு முக்கோணம், ஒரு சமக்குறி, ஒண்ணும் இல்ல. நம்பரை அழகா எழுதியிருந்தான். அதுக்கு மார்க் போட ரூல் இல்லேன்னு சொல்லிட்டாங்க." பிறகு படத்தைப் பார்த்தபடி, "இவனா இருந்தா போட்டிருப்பான்" என்றார்.

புஷ்பம் அந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தது அந்த வருடம்தான்.

டீச்சரின் பள்ளிச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் புஷ்பம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். டீச்சரைவிட ஒரு சில வயதுதான் இளையவர். மையத்தின் அமைப்பாளர் ஓய்வுபெறப் போகிறார். அந்த இடத்துக்கு வரப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். புஷ்பத்துக்கு மற்ற பாடமெல்லாம் இளவயதிலேயே முடிந்துவிட்டது. கணக்கு மட்டும் நின்றது. தனித்தேர்வராகத் திரும்பத் திரும்ப எழுதி, திரும்பத் திரும்ப முப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இந்த முறை விட்டால் வேறொருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு புஷ்பம் ஓய்வுபெறும்வரை அவரிடம் கேட்டுத்தான் உப்புப் போட வேண்டும். புஷ்பமே இதை அப்படித்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக வருவார். நான் மாடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து குரல் வரும்.

"எக்ஸு எங்க போச்சுன்னு நான் எதுக்கு டீச்சர் தேடணும்? தொலைச்சவன் தேடட்டு."

"தொலைச்சவனுக்கு மார்க் வேண்டாம் பிள்ளே. உனக்கு வேணும்லா? தேடு."

"கிட்டிச்சு. மைனஸ் நாலு."

"ஒரு தோட்டத்துக்க நீளம் எப்படிட்டி மைனஸ் நாலு ஆகும்?"

"கடல் எடுத்துட்டுப் போயிருக்கும்."

சிரிப்பு மாடிக்கு வரும். அதன்பின் டீச்சர் மார்க் எண்ணும் சத்தம். தோட்டத்தைக் கடல் கொண்டுபோனாலும், சூத்திரம் எழுதியதற்கு ஒன்று, மதிப்புப் போட்டதற்கு ஒன்று. போகும் முன் புஷ்பம் படத்தின் எதிரே நின்று ஒரு நிமிடம் பார்ப்பார். "நீ பாஸாச்சுன்னா நான் ஆக மாட்டேனா?" என்று அதனிடம் வாய்விட்டே கேட்பார். சிலுவை போட்டுக்கொண்டாரா என்று நான் கவனித்ததில்லை. போட்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுத அலுவலகத்தில் என்னைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். பழைய கிடங்கு ஒன்றில் வரிசையாகப் படங்கள். ஓர் அறை முழுவதும் கல்லச்சுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் பென்சிலால் ஒரு கையெழுத்து, ஒரு பின்னம். 3/25. 19/60. அங்கே பொறுப்பிலிருந்த பெண்ணிடம், இவ்வளவு குறைவாக ஏன் மார்க் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஓவியர் கல்லில் வரைகிறார். அதிலிருந்து இத்தனை படம் என்று முடிவு செய்து, அச்சு எடுத்து, ஒவ்வொன்றிலும் தன் கையால் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார். எடுத்து முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். கீழே இருப்பது மொத்தம், மேலே இருப்பது இது எத்தனையாவது என்பது.

பிழை திருத்துவது என் தொழில். தெரிந்த பிழையைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கிப்போய், சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

துருவுவது நின்றது. "அப்ப அந்தக் கையெழுத்து?"

"வரைஞ்சவருடையது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முன்னறைக்கு வந்து, ஜெர்மனிக்கு வீடியோ அழைப்பு போட்டார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தங்கை தூக்கக் கலக்கத்தோடு வந்தார்.

"ஏட்டி, அந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

"வீட்டம்மாக்க அண்ணன். பழைய காலத்துல, அம்பதுகள்ல வரைஞ்சதுன்னு சொன்னாங்க. தபாலாபீஸ்ல வேலையாம். யாருகிட்டயும் போய்ப் படிக்கல்லியாம், தானா வரைஞ்சது. ஏன்க்கா, காலம்பற?"

"கீழே கையெழுத்து?"

"அவருக்கதுதான்."

"இத்தனை வருஷமா எனக்கிட்ட சொல்லல்லியே நீ!"

"நீ எங்க கேட்ட? கையில வாங்கின உடனே முப்பத்தஞ்சு சதவீதம் எவ்வளவுன்னுல்லா எனக்கிட்ட கேட்ட?"

டீச்சர் போனை வைத்தார். அப்போதுதான் நான் கவனித்தேன். சாப்பாட்டு மேசையில் கிராஃப் தாளை விரித்து வைத்துக்கொண்டு புஷ்பம் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். காம்பஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அப்ப அது பாஸ் இல்லியா டீச்சர்?"

டீச்சர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அதுக்க முகத்தைப் பாத்துல்லா இத்தனை நாளு கணக்குப் போட்டேன்? அது பரீட்சையே எழுதல்லேன்னு இப்ப சொல்லுதிய!" புஷ்பம் எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "விடுங்க. வாறவனுக்கிட்ட கேட்டே உப்புப் போட்டுக்கிடுதேன்."

டீச்சர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். படத்தின் அருகே போய், மூடிய பேனாவால் கண்ணாடியின் மேல் அந்த எண்ணைத் தட்டினார். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"தம்பி, ஒண்ணாவதா எடுத்த படம்தான் ஒசத்தியா?"

"இல்லை டீச்சர். எல்லாம் ஒண்ணுதான்."

"நாப்பதாவது மோசமா?"

"இல்லை. நாப்பதும் அசல்னுதான் சொல்றாங்க."

"அப்ப ரேங்க் கிடையாது."

"கிடையாது."

"சொல்லித்தர வாத்தியாரும் கிடையாது. பகல் முழுக்க தபாலாபீஸ்ல வேலை. பின்னே வீட்டுக்கு வந்து தனியா இருந்து போட்டிருக்கான்." திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "ஏட்டி புஷ்பம்! இவன் பிரைவேட்டு! உன்னைப்போல பிரைவேட்டா எழுதினவன்!"

புஷ்பம் வாசலில் நின்றார். படத்தை, முதல்முறை பார்ப்பவர்போல், மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வேலையும் பாத்துக்கிட்டா?"

"வேலையும் பாத்துக்கிட்டு."

"கெட்டினவ வாயில இருந்தது எல்லாம் கேட்டிருப்பான், பாவம்" என்றார் புஷ்பம். பையை இறக்கினார். "அவனுக்கும் கணக்கு வராதா இருக்கும் டீச்சர். அந்தக் கட்டத்தைப் பாருங்க, ஒண்ணாவது நேரா இருக்கா? நான் இதைவிட நேரா போடுவேன்."

"போடு பாக்கட்டு."

காம்பஸ் பெட்டி மறுபடி திறந்தது. டீச்சரின் கணவர் நாற்காலியிலிருந்து, "நமக்கு இன்னைக்கு எவ்வளவுன்னு யாரும் சொல்லல்லியே" என்றார். அன்றைக்கு அவருக்கு அறுபது கிடைத்தது. காரணம் சொல்லப்படவில்லை.

வேலைக்குப் புறப்படும்போது மாடிப்படியின் கீழே டீச்சர் நின்றிருந்தார். காலையிலிருந்த உற்சாகம் சற்றே இறங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அப்ப மார்க் தேடினவன்னு ஒருத்தன் இல்ல, இல்லியா?"

"இல்லை டீச்சர்."

"இத்தனை வருஷம் ஒருத்தன் இருக்கான்னு நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். முகாமில் அவரைப் 'பிச்சை போடுற டீச்சர்' என்று கேலி செய்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு அவர் கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

புஷ்பம் தேர்வு எழுதினார். வெளியே வந்ததும் மரத்தடியில் வினாத்தாளை விரித்துவைத்துக்கொண்டு டீச்சர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாராம். எப்படிக் கூட்டிப் பார்த்தும் முப்பத்திரண்டுக்கு மேல் வரவில்லை. தானே திருத்தினால் என்று வைத்துக் கூட்டினாலும் முப்பத்துமூன்றுதான். 

முடிவு வந்த காலையில் எல்லோரும் அந்த முன்னறையில் இருந்தோம். இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சரின் கணவர்தான் போனைப் பிடித்திருந்தார். பஸ் எஞ்சினில் காது வைப்பவர்போல அதன்மேல் குனிந்திருந்தார். கடைசியில் பக்கம் திறந்தது. கணிதம் என்ற சொல்லுக்கு எதிரே, 035.

"பாஸா?" என்றார் புஷ்பம். "முன்னால ஒரு முட்டை நிக்கே. அது எனக்க முட்டையா?"

"அது எல்லாருக்கும் உள்ளது. பாஸுட்டி!" என்றார் போனைப் பிடித்திருந்தவர்.

புஷ்பம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. டீச்சரின் கணவரைப் பிடித்து உலுக்கினார். என் கையையும் பிடித்து உலுக்கினார். படத்தின் எதிரே போய் நின்று, "நானும் வந்துட்டேன் மக்கா" என்றார்.

டீச்சர் மட்டும் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். புஷ்பத்தை அணைத்துக்கொள்வதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, நமக்க பேப்பர் நம்ம ஜில்லாவுல திருத்த மாட்டாங்க. வேற ஊருக்குத்தான் போவும், தெரியுமில்லா?"

"தெரியும்."

"எனக்குக் கூட்டினா முப்பத்துமூணுதான் வந்தது. நானே திருத்தினாலும் அவ்வளவுதான். முப்பத்தஞ்சு தானா விழாது. முதல் பக்கத்துலேருந்து ரெண்டாவது தடவை பெரட்டியிருக்கான். நான் பாக்காத ஒரு ஸ்டெப்பை எங்கயோ பாத்திருக்கான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கான் தம்பி. ஆளு இருக்கான். சேலமோ கடலூரோ, எங்கயோ ஒரு ஊருல இருக்கான்."

"பொம்பளையா இருந்தா?" என்றார் புஷ்பம்.

"பொம்பளைன்னா சந்தேகமே இல்ல, ரெண்டு தடவை பெரட்டியிருப்பா."

மத்தியானம் பருப்புப் பாயசம் வைத்தார்கள். வைத்தது புஷ்பம். மார்க் கேட்டார், தொண்ணூறு கிடைத்தது. முந்திரி கொஞ்சம் கருகியதற்குப் பத்து போனது. பரிமாறி முடித்தபோது, படத்துக்குக் கீழே மேசையில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. டீச்சரின் கணவர் கை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க" என்றார் டீச்சர். "அது சேலத்துக்காரனுக்கு."